கதவு திறந்திருக்கிறது, கோழி வெளியே வரவில்லை: இயற்கைப் பண்ணை முட்டைக்கோழிகளுக்கு அறிகுறிவாரியான வழிகாட்டி

அங்ககச் சான்று (இயற்கைப் பண்ணை என்பதற்கான சான்று) கேட்கும் பண்ணையில் முட்டைக்கோழிக்குத் திறந்தவெளி கொடுத்தே ஆகவேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதி ஒரு கோழிக்கு வெளியே 4 சதுர மீட்டர் என்கிறது. நம் கணக்கில் 100 கோழிக்கு ஏறத்தாழ 10 சென்ட். அந்த இடத்தை ஒதுக்கி, வேலி போட்டு, கதவையும் திறந்து வைத்த பிறகு பாதிக் கோழிகள் கொட்டகைக்குள்ளேயே நிற்கும். "நம் கோழிக்கு வெளியே போகப் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். கோழியைக் குறை சொல்லவேண்டிய சந்தர்ப்பம் அபூர்வம். பெரும்பாலும் தப்பு நிலத்தில் இருக்கிறது. கொட்டகைக்குள் தெரியும் இறகுக் கொத்தல், கழிச்சல் போன்ற பல தொல்லைகளுக்கும் வேர் அந்த நிலத்தில்தான். எனவே மருந்துக்கடைக்குப் போகுமுன் மேய்ச்சல் நிலத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

தோப்பிலோ தோட்டத்திலோ 50 முதல் 300 கோழி வரை வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஐரோப்பிய எண்களை அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்; உங்கள் சான்று நிறுவனத்தின் விதி வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள். காலையில் கதவு திறந்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மாலையில் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருமுறை, தொலைவில் நின்று எத்தனை வெளியே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கையில் தீவன வாளி இருந்தால் எல்லாம் ஓடி வரும், கணக்கு பொய்யாகிவிடும். நண்பகல் கணக்கும் பயன்படாது. உச்சி வெயிலில் கோழி நிழலுக்கு ஒதுங்குவது இயல்பு.

இன்னொரு சோதனை தட்டிலேயே இருக்கிறது. எல்லாக் கோழிக்கும் ஒரே தீவனம் போட்டும், ஒரே நாள் முட்டைகளை உடைத்தால் சில கரு ஆழ்ந்த நிறத்திலும் சில வெளிறியும் இருக்கின்றனவா? பச்சை மேய்ந்த கோழியின் கரு ஆழ்ந்த நிறம் பெறும். உங்கள் மந்தையில் வெளியே போகும் கூட்டம் ஒன்றும் போகாத கூட்டம் ஒன்றும் இருக்கின்றன என்று அந்த முட்டைகளே சொல்லிவிடும்.

கதவு திறந்தும் வெளியே வருவதில்லை

கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழியின் கண்மட்டத்தில் வெளியே பாருங்கள். எதிரே செதுக்கிச் சுத்தம் செய்த வெறுந்தரையும் மேலே திறந்த வானமும் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. புதரும் மரமும் அடர்ந்த காட்டோரத்தில் வாழ்வது. (நம் மலைகளில் உள்ள சாம்பல் காட்டுக்கோழிக்கும் இந்த வம்சத்தில் பங்குண்டு. கோழியின் மஞ்சள் தோல் நிறத்துக்கான மரபணு அதனிடமிருந்து வந்தது.) இரண்டுக்கும் தலைக்கு மேல் மறைப்பு இல்லாத இடம் என்றால் பருந்து வரும் இடம். எத்தனை தலைமுறை வீட்டில் வளர்ந்தாலும் அந்த அச்சம் போகவில்லை.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நமக்கு அது நிழல். கோழிக்கோ 50 அடி உயரத்தில் இருக்கும் மட்டை கூரை ஆகாது. இடையில் பருந்து தாராளமாகப் பறக்கும். தோப்பிலேயே கிடக்கும் கீற்றைப் பின்னி, முழங்கால் உயரத்தில் சாய்ப்புப் பந்தல்கள் போடுங்கள். முதல் பந்தல் கதவை ஒட்டியே வரட்டும். அடுத்தது அங்கிருந்து பத்து எட்டில், அதற்கடுத்தது இன்னும் பத்து எட்டில். ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு ஓடிவிடலாம் என்ற துணிவு வந்தால் கோழி தானாக நிலத்தின் கடைசி வரை போகும். நிலத்தின் நடுவில் ஒரே ஒரு பெரிய பந்தல் போடுவதால் பயனில்லை, அதுவரை போகவேண்டுமே.

பந்தல் தற்காலிகம். கூடவே ஆமணக்கு, அகத்தி, முருங்கை, கிளிரிசிடியா ஆகியவற்றை வரிசையாக நடுங்கள். ஆமணக்கு சீக்கிரம் மறைப்புத் தரும், ஆனால் விதை நஞ்சு என்பதால் காய் முற்றுமுன் குலையை வெட்டிவிடவேண்டும். கன்று வேர் பிடிக்கும்வரை முள்ளோ வலையோ சுற்றுங்கள், இல்லாவிட்டால் கிளறியே சாய்த்துவிடும்.

மறைப்பு இருந்தும் வரவில்லையா? கதவைப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி கொட்டகையின் 100 சதுர மீட்டருக்கு 4 மீட்டர் நீளத் திறப்பு வேண்டும். 100 கோழி இருக்கும் கொட்டகை ஏறத்தாழ 17 சதுர மீட்டர். அதற்குக் குறைந்தது இரண்டேகால் அடி. இது மிகக் குறைந்த அளவு. ஒரே வாசல் என்றால் மந்தையில் ஆதிக்கம் உள்ள ஒரு பெட்டை அங்கே நின்றுகொண்டு மற்றவற்றைக் கொத்தி விரட்டும். அதே அளவை எதிரெதிர்ச் சுவரில் இரண்டாகப் பிரித்தால் இந்தத் தொல்லை போகும். வாசற்படி உயரமாக இருந்தால் சரிவுப் பலகை வையுங்கள். உள்ளே இருட்டும் வெளியே கண்ணைப் பறிக்கும் வெயிலுமாக இருந்தாலும் கோழி தயங்கும். வாசலை ஒட்டி ஒரு தாழ்வாரம் இறக்கினால் வெளிச்சம் படிப்படியாக மாறும், மழை நாளில் மண் குளியலுக்கும் இடமாகும். அந்தத் தாழ்வாரத்தையே மேய்ச்சல் நிலமாகக் கணக்குக் காட்டும் ஆசை மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் கூரையும் சுவரும் உள்ள தாழ்வாரம் திறந்தவெளி ஆகுமா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. 2017-இல் வந்த விதி 2018-இல் திரும்பப் பெறப்பட்டு, கடைசியில் 2023 நவம்பரில் வந்த விதிதான் ஆகாது என்று முடித்தது.

மறைப்பும் கதவும் சரி என்றால் வளர்ப்பைக் கேளுங்கள். முட்டையிடும் பருவத்தில் வாங்கிய விடைக்கோழிகள் அதுவரை கூண்டிலோ அடைத்த கொட்டகையிலோ வளர்ந்திருந்தால் அவை மண்ணையே மிதித்திருக்காது. திடீரென்று வானத்தைக் காட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இவற்றைத் துரத்தி வெளியே தள்ளினால் பயம் இரட்டிப்பாகும். மேய்ந்து பழகிய நாலைந்து கோழிகளையோ ஒரு நிதானமான சேவலையோ, நோய் இல்லை என்று பார்த்து, உள்ளே விடுங்கள். மாலைத் தானியத்தை முதலில் வாசற்படியிலும், பிறகு பந்தலடியிலும் தூவுங்கள். சில வாரம் பிடிக்கும். அடுத்த முறை வாங்கும்போது குஞ்சுப் பருவத்திலேயே வெளியே விட்டு வளர்த்தவையா என்று கேட்டு வாங்குவது இந்த எல்லா வேலையையும் மிச்சப்படுத்தும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தவை சட்டென்று நின்றுவிட்டால், முந்தைய நாள் ஏதோ தாக்கியிருக்கிறது. அல்லது புதிதாக ஒரு நாய் சுற்றுகிறது. எப்போதும் உள்ளேயே நிற்பவை அதே சில கோழிகள் என்றால் இரவில் பிடித்து, நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள்; கத்தி முனைபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அது மெலிந்த கோழி. பாதத்தையும் பாருங்கள். அடியில் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் நடக்கவே வலிக்கும்.

வருகிறது, ஆனால் சுவரை விட்டு நகர்வதில்லை

வாசலைச் சுற்றி மட்டும் தரை மொட்டையாகி, எச்சமும் சேறுமாகிவிடும்; அப்பால் புல் தீண்டப்படாமல் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் இது உச்சத்துக்குப் போகும். அந்தச் சேற்றில் குடற்புழு முட்டை குவிகிறது, கோழி அதையே கொத்துகிறது.

வாசல் முன் சில அடி தூரத்துக்கு மேல்மண்ணை அகற்றி, உருண்டைக் கல்லோ சரளையோ பரப்புங்கள். மழைநீர் வடிய வாட்டம் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்றைத் தொலைவில் உள்ள நிழலுக்கு மாற்றுங்கள். கோழி தண்ணீரைத் தேடியாவது போகும். நிலத்தை மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிட்டால் புல் தழைக்கவும் வெயில் மண்ணைக் காய்ச்சவும் நேரம் கிடைக்கும்.

பொழுது சாய்ந்தும் உள்ளே அடைய மறுக்கிறது

மரத்தில் ஏறி உட்காருகிறது, பிடித்து உள்ளே விட்டால் வாசலிலேயே நின்று முணுமுணுக்கிறது. இதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். உள்ளே செள் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

கோழிச் செள் பகலில் கோழியின் மேல் இருக்காது. கம்பின் விரிசலிலும் முட்டைப் பெட்டியின் இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் விளக்குடன் போய், கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செள்தான். கம்பு சுவரில் பொருந்தும் மூலையில் சாம்பல் தூள் ஒட்டியதுபோல் இருந்தாலும் அதுவே. வறண்ட மாவட்டங்களில் இதே இடுக்குகளில் கோழி உண்ணியும் இருக்கும்; உண்ணிக்குஞ்சுகள் மட்டும் சில நாள் கோழியின் தோலிலேயே ஒட்டிக் கிடக்கும்.

கோழியின் மேல் மருந்து தெளிப்பதால் இங்கே பெரிய பயன் இல்லை. கொட்டகையைத்தான் குணமாக்கவேண்டும். கம்புகளைக் கழற்றி வெயிலில் போடுங்கள். இரும்புச் சட்டம் என்றால் தீ வைத்துச் சுட்டுவிடலாம். சுவர் விரிசல்களை அடைத்து, கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். கம்பின் இரு முனைகளிலும் வேப்பெண்ணெய் பூசுங்கள். வெப்பமான காலத்தில் செள்ளின் வாழ்க்கைச் சுற்று ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும் என்பதால் ஒருமுறை செய்து நிறுத்தக்கூடாது. வாரம் ஒருமுறை, தொடர்ந்து ஒரு மாதம். காலி செய்த கொட்டகையில்கூட இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் அது உயிரோடு இருக்கும். வெளியே பந்தலடியில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து ஒரு குழி வையுங்கள். மண்ணில் புரளும் கோழி தன் இறகுப் பேனைத் தானே பார்த்துக்கொள்ளும்.

செள் இல்லை என்றால் கம்பின் நீளத்தை அளங்கள். ஒரு கோழிக்கு 18 சென்டிமீட்டர். 100 கோழிக்கு ஏறத்தாழ 60 அடி. இடம் கிடைக்காதவை மரத்தைத் தேடும்.

இறகு உதிர்கிறது, வாலடியில் இரத்தம்

எந்த இடத்தில் இறகு இல்லை என்று பாருங்கள். சேவல் இருக்கும் மந்தையில் முதுகு மட்டும் மொட்டை என்றால் சேவல் மிதிப்பதால். கழுத்தின் முன்பக்கம் என்றால் தீவனத் தொட்டியின் விளிம்பு உரசுகிறது. உடல் முழுவதும் உதிர்ந்து புது முளைகள் தெரிந்தால் இறகு மாற்றும் பருவம், கவலை வேண்டாம். வாலடியும் ஆசனவாய்ப் பக்கமும் மொட்டை என்றால் மற்ற கோழிகள் கொத்துகின்றன. தரையில் உதிர்ந்த சிறகே கிடக்கவில்லை என்றால் இன்னும் நிச்சயம்: பிடுங்கித் தின்றுவிட்டன.

கோழி விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைக் கிளறிக் கொத்துவதில் கழிக்கும் பிறவி. வெளியே கிளற இடம் இருந்தும் அச்சத்தால் போகாத கோழி, அந்த அலகை எங்கே வைக்கும்? பக்கத்துக் கோழியின் மேல்தான். மேய்ச்சலை நன்றாகப் பயன்படுத்தும் மந்தைகளில் இந்தத் தொல்லை குறைவு என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. எனவே முதல் மருந்து மேலே சொன்ன பந்தல்தான்.

இரண்டாவது, தீனி. சோளமும் கம்பும் அரிசியும் மட்டும் போட்டு "நாட்டு முறை" என்பவர்கள் உண்டு. அது முட்டையிடும் கோழிக்குப் போதாது. குறிப்பாக மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைந்தால் இறகைத் தின்னும் பழக்கம் தலைதூக்கும். வழக்கமான தீவனத்தில் இதைச் செயற்கையாகச் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய அங்கக விதி அதை அனுமதிப்பதில்லை, அமெரிக்க விதி வரம்பு கட்டி அனுமதிக்கிறது. நமக்குக் கையில் இருப்பவை எள்ளுப் பிண்ணாக்கு, மீன்தூள், கரையான். மீன் என்றால் உப்பிடாதது. உப்புக் கருவாட்டை அரைத்துப் போட்டால் கோழிக்கு உப்பே நஞ்சாகும். கரையானுக்கு ஊர் வழி ஒன்று உண்டு: பழைய பானையில் ஈரச் சாக்கும் வைக்கோலும் சாணமும் அடைத்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை நிறைந்திருக்கும். கூடவே கீரைக் கட்டுகளைக் கோழி எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இரத்தம் பார்த்த கோழியை அப்போதே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது, குடலை உருவும்வரை போகும். புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, ஆறிய பிறகு இருட்டியதும் மந்தையில் சேருங்கள். அலகு வெட்டுவதைச் சிலர் சொல்வார்கள். அங்கக விதிகள் அதை வழக்கமாகச் செய்ய அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் நான் செய்யமாட்டேன். மேய்கிற கோழிக்கு அலகுதான் கை.

முட்டை காணவில்லை, அல்லது தோல்முட்டை வருகிறது

காணாமல் போனால் புதரில் இடுகிறது. முட்டைப் பெட்டியில் வெளிச்சம் அதிகமா, செள் இருக்கிறதா, ஏழு கோழிக்கு ஒரு பெட்டியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை இருட்டாக்கி, வைக்கோல் மாற்றி, ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை உள்ளே வையுங்கள். புதரில் கண்டெடுத்த முட்டைகளை விற்காதீர்கள். எத்தனை நாள் பழையது என்று யாருக்கும் தெரியாது.

ஓடு இல்லாத முட்டைக்கு வழக்கமான காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. நாளொன்றுக்கு ஒரு முட்டைக்கோழிக்கு ஏறத்தாழ 4 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில் என்பதால், உடைத்த கிளிஞ்சலை மாலையில் தனித் தொட்டியில் வையுங்கள். தூளைவிடச் சிறு துண்டு நல்லது. மெதுவாகக் கரைந்து இரவு முழுவதும் கைகொடுக்கும். சித்திரை வைகாசியில் கிளிஞ்சல் இருந்தும் ஓடு மெலிந்தால் காரணம் வெயில். வாய் பிளந்து இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ஓட்டுக்கான கார்பனேட்டும் குறைகிறது. அதற்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் வழி.

மார்கழியில் முட்டை குறைவதைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். அப்போது நம் பகுதியில் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். விடியலில் விளக்குப் போடலாம். ஆனால் இயற்கை வெளிச்சமும் சேர்த்து 16 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, எட்டு மணி நேரம் இடைவிடாத இருட்டு வேண்டும் என்பது ஐரோப்பிய அங்கக விதி.

கழிச்சல்

சில எச்சங்களுக்கு ஒன்றாகப் பழுப்புக் கூழ்போல், நாற்றத்துடன் விழுவது குடல்வாலிலிருந்து வருவது, நோயல்ல. குஞ்சுப் பருவத்தில் இரத்தம் கலந்த எச்சம், ஈரமான கூளம் என்றால் இரத்தக்கழிச்சல். வளர்ந்த கோழி நன்றாகத் தின்றும் மெலிந்து, கொண்டை வெளுத்தால் குடற்புழு. எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகாது. மருந்து கொடுத்துவிட்டு அதே சேற்றில் விட்டால் இரண்டு மாதத்தில் பழைய நிலைதான்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, மூச்சுக்குத் திணறினால் வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட். வந்தபின் மருந்து இல்லை. வராமல் தடுக்க முதல் வாரத்தில் சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டு வாரத்தில் ஊசி என்பது வழக்கம். இயற்கைப் பண்ணையில் தடுப்பூசி கூடாது என்ற பேச்சு பரவிக் கிடக்கிறது, அது தவறு. தடுப்பூசிக்கு அனுமதி உண்டு. நோயுற்ற கோழிக்கு மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுக்கவும் அனுமதி உண்டு. ஐரோப்பிய விதியில் முட்டை விற்காமல் காத்திருக்கவேண்டிய காலம் இரட்டிப்பாகும். சான்று போய்விடுமோ என்று மருந்து கொடுக்காமல் கோழியைத் துடிக்கவிடுவதை எந்தச் சான்றும் கேட்கவில்லை.

எண்ணிக்கை குறைகிறது

மிச்சம் கிடப்பதைப் படியுங்கள். ஒன்றும் கிடக்கவில்லை, விடியலிலோ அந்தியிலோ ஒன்று ஒன்றாகக் குறைகிறது என்றால் காட்டுப்பூனையைச் சந்தேகிக்கலாம். பல கோழிகள் கடித்துக் குதறப்பட்டு, தின்னாமல் கிடந்தால் நாய். கழுத்தில் கடி இருந்தால் கீரி. பட்டப்பகலில் குஞ்சு மட்டும் மறைந்தால் பருந்தோ வல்லூறோ. முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு.

பருந்துக்குப் பந்தல். தரைவழி வருபவற்றுக்கு வேலியின் அடியை ஒரு அடி மண்ணில் புதைத்து, இருட்டுமுன் கதவை அடைப்பதே போதும். தோப்பில் இரட்டைவால் கரிச்சான் கூடு கட்டியிருந்தால் கலைக்காதீர்கள். தன்னைவிடப் பலமடங்கு பெரிய பருந்தையும் துரத்தியடிக்கும் பறவை அது. விஷமோ கண்ணியோ வைக்கவேண்டாம். கீரியும் காட்டுப்பூனையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை.

ஒரே நாளில் பல கோழிகள் சாகின்றன

இதற்கு மேல் நீங்களாக ஆராயவேண்டாம். செத்ததை அறுக்கவோ விற்கவோ கிணற்றோரம் வீசவோ கூடாது. கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் 2014 முதல் பலமுறை வந்துபோயிருக்கிறது. காட்டு நீர்ப்பறவைகள் இறங்கும் குளமோ வயலோ அருகில் இருக்கும் மேய்ச்சல் பண்ணைக்கு ஆபத்து அதிகம்.

அதிகாரிகள் அடைத்து வைக்கச் சொன்னால் அடைத்துத்தான் ஆகவேண்டும். அப்போது தாழ்வாரத்தை வலையால் மூடி, அதில் மண் குளியல், கீரைக் கட்டு, கிளறக் காய்ந்த கூளம் எல்லாம் வையுங்கள். தண்ணீரும் தீவனமும் காட்டுப்பறவை எட்டாத இடத்தில், கூரைக்கடியில் இருக்கட்டும். பண்ணைக்குள் போடும் செருப்பை வெளியே போட்டுப் போகாதீர்கள். மேய்ந்து பழகிய மந்தையை அடைத்தால் சில நாளில் கொத்தல் தொடங்கக்கூடும் என்பதால் மாலைதோறும் வாலடிகளைப் பாருங்கள்.